வளர்ப்புப் பிள்ளையும் வம்சக் கொடியும்



குடும்பக் கொடி எழுதும் வேலை இப்போது பல வீடுகளில் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் சிறு பிள்ளைகளிடம் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்கிறார்கள். பாகப்பிரிவினைக்குப் போனால் பத்திரம் எழுதுபவர் முதலில் கொடிவழிப் பட்டியல் கேட்கிறார். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள், "நம்ம நன்னாவோட வாப்பா பேரு என்ன?" என்று வாட்ஸப்பில் கேட்கிறார்கள். நல்ல காரியம்தான். உறவைச் சேர்த்து வாழ வேண்டுமென்றால், உறவு யாரென்று தெரிந்திருக்க வேண்டுமே.

ஆனால் வளர்ப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் பிள்ளையின் பெயர் வரும் இடத்தில் பென்சில் நின்றுவிடுகிறது. எங்கே எழுதுவது, யாருடைய பெயருக்குக் கீழே எழுதுவது என்று வெளியே கேட்கவும் கூச்சம். அதனால் சில வீடுகளில் பெற்ற பிள்ளையைப் போலவே கோடு போட்டு விடுகிறார்கள். சில வீடுகளில் பெயரையே விட்டுவிடுகிறார்கள். முதலாவது, பிள்ளையின் பிறப்பை மறைக்கிறது. இரண்டாவது, அந்த வீட்டில் அது உண்டு உறங்கி வளர்ந்த இருபது வருடத்தை மறைக்கிறது. இரண்டுமே அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்தான்.

வளர்ப்புப் பிள்ளையாக வளர்ந்து, இன்று தன் கொடியைத் தானே எழுத நினைப்பவர்களுக்காகவும், அவர்களை வளர்த்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பெற்ற வழியை ஒரு விதமான கோட்டாலும், வளர்த்த வழியை வேறு விதமான கோட்டாலும், இரண்டையும் ஒரே தாளில் எழுதலாம், எழுதவும் வேண்டும்.

மார்க்கம் வளர்ப்புப் பிள்ளையை ஒப்புக்கொள்வதில்லை என்று நம்மில் பலர் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அப்படிச் சொல்வது சரியல்ல. அல்-அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5 ஆகிய வசனங்கள் தடுப்பது பிள்ளை வளர்ப்பதை அல்ல, தந்தையின் பெயரை மாற்றுவதைத்தான். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயரோடு சேர்த்து அழைக்கச் சொல்கின்றன அந்த வசனங்கள். தந்தை யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கச் சகோதரர்கள், நம்மைச் சார்ந்தவர்கள் என்றும் கூறுகின்றன. யதீமைப் பொறுப்பேற்று வளர்ப்பதற்கு உள்ள நன்மை பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஜைது பின் ஹாரிஸா (ரலி) அவர்களின் வரலாறு நமக்குத் தெரிந்ததுதான். கல்ப் கோத்திரத்தில் பிறந்தவர், சிறுவயதில் பிடிபட்டு விற்கப்பட்டு, கதீஜா (ரலி) அவர்கள் வழியாக நபி (ஸல்) அவர்களிடம் வந்து சேர்ந்தார். தந்தையும் சிறிய தந்தையும் தேடிக் கண்டுபிடித்து மக்காவுக்கே வந்து அழைத்தபோதும், நபியவர்களுடனே இருப்பதாகச் சொன்னார். அதன் பிறகு மக்கள் அவரை 'ஜைது பின் முஹம்மது' என்றே அழைத்தார்கள். வசனம் இறங்கியதும் அவர் மீண்டும் 'ஜைது பின் ஹாரிஸா' ஆனார். மாறியது பெயர் மட்டும்தான். நபியவர்களின் அன்பும் நம்பிக்கையும் கடைசி வரை அவர் மீது இருந்தன. ஹிஜ்ரி 8-இல் மூத்தா போரில் படைத்தலைவராக நின்று ஷஹீதானார். அவருடைய மகன் உஸாமா (ரலி) இளம் வயதிலேயே ஒரு படைக்குத் தலைவராக்கப்பட்டார். நபித்தோழர்களில் பெயர் சொல்லித் திருக்குர்ஆனில் குறிப்பிடப்பட்டவரும் ஜைது (ரலி) ஒருவர்தான் (33:37).

இன்னும் இருவரை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஒருவர் மிக்தாத் (ரலி). பெற்ற தந்தை அம்ர். அறியாமைக் காலத்தில் அஸ்வத் என்பவர் அவரை மகனாக ஏற்றதால் 'மிக்தாத் பின் அஸ்வத்' எனப்பட்டார். இன்றும் ஹதீஸ் நூல்களில் இரண்டு பெயர்களையும் பார்க்கலாம். நூலாசிரியர்கள் ஒன்றை எழுதி, மற்றதையும் சேர்த்தே சொல்கிறார்கள். மற்றவர் ஸாலிம் (ரலி). அபூஹுதைஃபா (ரலி) அவர்களிடம் வளர்ப்பு மகனாக இருந்தவர். வசனம் இறங்கிய பிறகு அவர் 'அபூஹுதைஃபாவின் மவ்லா ஸாலிம்' ஆனார். அதாவது அவரைச் சார்ந்தவர். குர்ஆனை யாரிடம் கற்கலாம் என்று நபி (ஸல்) அவர்கள் நான்கு பேரைச் சொன்னார்களே, அந்த நால்வரில் இவரும் ஒருவர். தந்தையின் பெயர் வர வேண்டிய இடத்தில் வளர்த்தவரோடு உள்ள சார்பைச் சொல்லி அவர் அறியப்பட்டார், அதனால் அவருடைய மதிப்பு எள்ளளவும் குறையவில்லை. தகப்பன் பெயர் தெரியாத பிள்ளையை நம் தெருவில் எப்படிப் பேசுகிறோம் என்பதையும் இந்த இடத்தில் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வளர்ப்புப் பிள்ளை வளர்த்தவரை "வாப்பா", "அத்தா", "உம்மா" என்று கூப்பிடலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. நபி (ஸல்) அவர்கள் தமக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை "என் அருமை மகனே" என்ற பொருளில் அழைத்திருக்கிறார்கள். பாசத்தோடு கூப்பிடுவது வேறு, வம்சத்தை மாற்றி எழுதுவது வேறு என்று ஆலிம்கள் விளக்குகிறார்கள். கூப்பிடும் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டாம். எழுத்தில் மட்டும் கவனமாக இருங்கள்.

நிக்காஹ் தஃப்தரில் வெளிவரும் உண்மை

இந்தக் கொடியை ஏன் பிள்ளை சிறுவயதாக இருக்கும்போதே எழுத வேண்டும்? நிக்காஹ் தஃப்தர்தான் முதல் காரணம்.

பெண் பிள்ளையை மூன்று மாதக் குழந்தையாக எடுத்து வளர்த்திருப்பார்கள். அவளிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. இருபத்து இரண்டு வயதில் நிக்காஹ் பேசி முடிகிறது. ஹஜ்ரத் தஃப்தரைத் திறந்து, மணமகளின் தகப்பனார் பெயர் என்ன, வலீ யார் என்று கேட்கிறார். அப்போதுதான் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் வலீ இல்லாமல் நிக்காஹ் நிறைவேறாது. வலீ என்பவர் பெற்ற தகப்பன். அவர் இல்லையென்றால் தகப்பனைப் பெற்றவர், கூடப் பிறந்த சகோதரன், தகப்பனின் சகோதரன் என்று ஆண் வழியிலேயே போகும் வரிசை அது. வளர்த்தவர் பெண்ணின் தகப்பனோடு பிறந்தவராகவோ தகப்பன் வழியில் வேறு முறையிலோ இருந்தாலன்றி, எவ்வளவு பாடுபட்டு வளர்த்திருந்தாலும் அந்த வரிசையில் அவருக்கு இடமில்லை. பெற்ற தகப்பன் உயிரோடு இருந்தால், வளர்த்தவரைத் தன் வக்கீலாக நியமிக்கலாம். அது எளிய வழி, மரியாதையான வழியும்கூட. ஆண் வழியில் யாரும் இல்லையென்றால், அல்லது யாரென்றே தெரியவில்லை என்றால், காஜி வலீயாக இருப்பார்.

இவை எல்லாவற்றுக்கும் மார்க்கத்தில் வழி இருக்கிறது. மணக்கோலத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் தன் தகப்பன் பெயரென்று முன்பின் கேட்டிராத ஒரு பெயரை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிறாளே, அந்தத் துயரத்தைத்தான் யாராலும் ஆற்ற முடியாது. அவள் அழுவது பெற்றவர் வேறு என்பதற்காக மட்டுமல்ல. ஊருக்கெல்லாம் தெரிந்த ஒன்றை இவ்வளவு காலம் தனக்கு மட்டும் மறைத்தார்களே என்பதற்காக. நான்கு வயதிலிருந்தே கதை போலச் சொல்லி வந்த வீடுகளில் இந்த அழுகை இருப்பதில்லை. மூஸா (அலை) ஃபிர்அவ்னின் மாளிகையில் வளர்ந்த வரலாற்றை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறோம். பெட்டியோடு கூடவே நடந்து போன சகோதரியையும், பால் கொடுக்க அழைத்து வரப்பட்ட தாயையும் பற்றிச் சொல்லிவிட்டு, "உனக்கும் இப்படி ஒரு கதை இருக்கு" என்று தொடங்குவது ஒன்றும் பெரிய வித்தையல்ல.

மஹ்ரம் விஷயமும் இதே கொடியில்தான் அடங்கியிருக்கிறது. உம்மாவின் தங்கையிடம் வளரும் ஆண் பிள்ளைக்குச் சாச்சி மஹ்ரம். அதே வீட்டில் வளரும் பெண் பிள்ளைக்கோ சாச்சியின் கணவர் மஹ்ரம் அல்ல. வாப்பாவின் அண்ணனிடம் பெண் பிள்ளை வளர்ந்தால் பெரியவாப்பா மஹ்ரம். ஆண் பிள்ளை வளர்ந்தால் அவருடைய மனைவி மஹ்ரம் அல்ல. இதை வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்கும் நினைவில் நிற்காது. தாளில் கோடு போட்டுப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பெற்ற வழி எழுதப்படாமல் போனால், கூடப் பிறந்தவர்களே ஒருவரையொருவர் அறியாமல் சம்பந்தம் பேசும் நிலை வரலாம். அக்கம்பக்கத்து ஊர்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் போன்ற சமுதாயத்தில் இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

பால் வழியையும் எழுதுங்கள்

குடும்ப மரம் வரைபவர்கள் அநேகமாக மறந்துவிடுவது இதுதான். பிறப்பால் ஹராமாகும் உறவுகள் பால்குடியாலும் ஹராமாகின்றன. நபி (ஸல்) அவர்களுக்கு ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளை மணமுடிக்கும் யோசனை சொல்லப்பட்டபோது, ஹம்ஸா தம்முடைய பால்குடிச் சகோதரர் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அந்தக் காலத்து மக்கள் இந்த உறவை அவ்வளவு கவனமாக நினைவில் வைத்திருந்தார்கள்.

உக்பா பின் ஹாரிஸ் (ரலி) அவர்களின் செய்தி புகாரியில் வருகிறது. அவர் திருமணம் முடித்த பிறகு ஒரு பெண் வந்து, கணவன் மனைவி இருவருக்குமே தான் பால் கொடுத்திருப்பதாகச் சொன்னார். உக்பாவுக்கு அது தெரியாது. மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணம் போய் நபியவர்களிடம் கேட்டார், பிறகு அந்த மனைவியைப் பிரிந்தார். ஒரு வரி எங்கேயாவது எழுதி வைத்திருந்தால் அந்தக் குடும்பமே உருவாகியிருக்காது, பிரிந்திருக்கவும் வேண்டியதில்லை.

வளர்ப்புப் பிள்ளை விஷயத்தில் பால் வழி ஓர் உதவியும்கூட. கைக்குழந்தையாக எடுப்பவர்கள், வளர்க்கும் தாயோ அவருடைய சகோதரியோ பால் கொடுத்து உறவை ஏற்படுத்திக்கொள்வது உண்டு. வளர்க்கும் தாயின் சகோதரி ஓர் ஆண் குழந்தைக்குப் பால் கொடுத்தால், வளர்க்கும் தாய் அவனுக்குப் பால்குடிச் சின்னம்மாவோ பெரியம்மாவோ ஆகிறார். பிற்காலத்தில் பர்தா சிரமம் இல்லை. வளர்க்கும் தகப்பனின் சகோதரி ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுத்தால், அவர் அவளுக்குப் பால்குடித் தாய்மாமன். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து தனித்தனித் தடவைகள் குடித்திருக்க வேண்டும். ஹனஃபியில் ஒரு தடவையே போதும். வயது வரம்பு பற்றிய விவரங்களை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொடியில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: யார் பால் கொடுத்தார், எந்த ஆண்டு, குழந்தைக்கு அப்போது எத்தனை மாதம், எத்தனை தடவை, யாருக்குத் தெரியும். பால் உறவு, குடித்த பிள்ளைக்கும் அதன் சந்ததிக்கும்தான். அந்தப் பிள்ளையின் அண்ணன் தம்பிக்கு அது வராது. இதில் குழம்பி, நல்ல சம்பந்தங்களைத் தட்டிக்கழிப்பவர்களும் இருக்கிறார்கள்.

எப்படி வரைவது

பெரிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உங்கள் பெயர். பெற்றோருக்கு முழுக்கோடு. வளர்த்தவர்களுக்குப் புள்ளிக்கோடு. பால் உறவுக்கு அலை போன்ற கோடு. இந்த மூன்று கோடுகளின் விளக்கத்தையும் தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள், ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவருக்கும் புரிய வேண்டும். புள்ளிக்கோட்டின் மேல் எந்த ஆண்டிலிருந்து வளர்த்தார்கள் என்று எழுதுங்கள். வளர்த்தவர்களின் பெற்றோர், அவர்களின் ஊர், தொழில் எல்லாவற்றையும் தாராளமாக எழுதலாம். அவர்கள் வீட்டுச் சமையலும் பேச்சும் பழக்கமும்தானே உங்களிடம் வந்திருக்கின்றன, அந்த வரலாறு உங்களுடையதுதான். 'பின்', 'பின்த்' என்று வம்சம் சொல்லும் சொற்களை மட்டும் முழுக்கோட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உறவுக்குள் கொடுத்து வாங்கிய பிள்ளை என்றால் வேலை எளிது. நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தானே நடக்கிறது. தங்கை தன் மூன்றாவது பிள்ளையைப் பிள்ளையில்லாத ராத்தாவிடம் கொடுத்திருப்பாள். பெயரை ஒரே இடத்தில், பெற்றவளுக்குக் கீழே எழுதி, ராத்தாவின் பெயரிலிருந்து ஒரு புள்ளிக்கோடு இழுத்தால் போதும். ஒரே பெயரை இரண்டு இடத்தில் எழுதினால் பிற்காலத்தில் இரண்டு ஆட்கள் என்று நினைத்துவிடுவார்கள். கைப்பேசியில் எழுதுபவர்களுக்கும் வசதி உண்டு. ஃபேமிலிசர்ச் போன்ற தளங்களில் ஒரு பிள்ளைக்கு இரண்டு இணைப் பெற்றோரைச் சேர்த்து, ஒன்று பெற்றவர், மற்றது வளர்த்தவர் என்று குறிக்கலாம். ஆனால் உயிரோடு இருப்பவர்களின் விவரங்களைப் பொதுவில் போடாதீர்கள்.

பெயர்களை எங்கே தேடுவது? முதலில் வீட்டிலும் தெருவிலும் உள்ள மூத்த பெண்களிடம். யார் வீட்டில் எந்தக் குழந்தை எப்போது வந்தது என்பது ஆண்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும். அடுத்து பள்ளிவாசலின் நிக்காஹ் தஃப்தரும் ஜமாஅத்தின் வரிப் பதிவேடும். பெற்றவர்களின் நிக்காஹ் பதிவில் இருவருடைய தகப்பனார் பெயரும் இருக்கும், ஒரே பக்கத்தில் ஒரு தலைமுறை மேலே போய்விடலாம். பழைய கிரயப் பத்திரங்களில் 'இன்னார் மகன் இன்னார்' என்று எழுதியே தொடங்குவார்கள், அதிலும் பெயர் கிடைக்கும். பிறப்புப் பதிவையும் பாருங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: வளர்த்தவர் பெயரையே பெற்றவர் பெயராகக் கொடுத்துப் பிறப்பைப் பதிந்த வீடுகளும் இருக்கின்றன. அதனால் ஒரு காகிதத்தை மட்டும் நம்பாமல், மூத்தவர்களின் பேச்சோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனிஷியலையும் இங்கே சொல்ல வேண்டும். வட இந்தியரிடம் குடும்பப் பெயர் இருக்கும். நம்மிடம் ஓர் எழுத்துதான் தகப்பனைச் சொல்கிறது. வளர்த்தவரின் இனிஷியலோடு பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் வந்துவிட்ட பிறகு சிலர் கலங்குகிறார்கள். மாற்ற முடிந்தவர்கள் அரசிதழ் வழியாக மாற்றிக்கொள்ளலாம். முடியாதவர்கள் ஆலிமிடம் ஆலோசனை கேளுங்கள். எப்படியானாலும் கொடியில் உண்மையை எழுதி, 'சான்றிதழில் உள்ள இனிஷியல் வளர்த்தவருடையது' என்று ஒரு குறிப்புப் போடுங்கள். இனி பள்ளியில் சேர்ப்பவர்கள், படிவத்தில் தந்தை என்ற இடமும் பாதுகாவலர் என்ற இடமும் இருந்தால் அதற்கு அதற்கு உரிய பெயரை எழுதினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பெற்றவர் யாரென்றே தெரியாதவர்கள்

தமிழ்நாட்டில் 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. அப்படி அரசிடம் வந்து சேர்ந்த குழந்தைகளும், மருத்துவமனையிலோ பேருந்து நிலையத்திலோ விடப்பட்ட குழந்தைகளும் வளர்ந்து பெரியவர்களாகி, இன்று தாங்களே பெற்றோராக இருக்கிறார்கள். இவர்கள் கொடியில் முழுக்கோடு மேலே போகாது. அங்கே 'அறியப்படவில்லை' என்று எழுதுங்கள். கண்டெடுக்கப்பட்ட இடம், நாள், எந்த இல்லம் என்று தெரிந்ததை எழுதுங்கள். வெற்றிடம் அசிங்கமாக இருக்கிறதே என்று ஒரு பெயரைக் கற்பனை செய்து போடாதீர்கள். மலேசியாவில் தந்தை பெயர் எழுத இயலாதவர்களுக்கும் புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்களுக்கும் 'பின் அப்துல்லாஹ்' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அங்கே உறவுள்ளவர்கள் பழைய காகிதத்தில் இந்தப் பெயரைக் கண்டால், அப்துல்லாஹ் என்ற ஒருவரைத் தேடி அலைய வேண்டாம். உங்களுக்குக் கீழே உங்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று முழுக்கோடு போகிறதல்லவா, அவர்களுக்கு உங்களிடமிருந்துதான் கொடி தொடங்குகிறது.

தேட விரும்பினால் சட்டத்தில் வழி உண்டு. இங்கே கொஞ்சம் சட்டம் சொல்லியாக வேண்டும். 1956-இன் இந்து தத்தெடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது. 1890-இன் காப்பாளர் சட்டப்படி ஒரு முஸ்லிம் ஒரு பிள்ளைக்குக் காப்பாளர் ஆகலாம். பிள்ளையின் வம்சம் அதனால் மாறாது. இளைஞர் நீதிச் சட்டப்படி எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம், அது அவரவர் விருப்பம் என்று உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் தீர்ப்பளித்தது. இப்போது நடப்பில் இருப்பது 2015-இன் இளைஞர் நீதிச் சட்டம். அதன்படி தத்து உத்தரவு ஆனால், அரசுப் பதிவில் தத்தெடுத்தவரே பெற்றோர். பிறந்த குடும்பத்தின் தொடர்பு சட்டப்படி முடிகிறது. ஆக, அரசுக் காகிதத்தில் ஒரு கொடியும் ஷரீஅத்தில் ஒரு கொடியும் இருக்கும். இரண்டும் வெவ்வேறு என்பதை அறிந்து, உத்தரவின் நாளையும் கொடியில் குறித்துக்கொண்டால் குழப்பமில்லை. அநாதையாகவோ கைவிடப்பட்டோ வந்த குழந்தையை இந்த நடைமுறை எதுவும் இல்லாமல் கைமாற்றி வாங்குவது மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் அபராதம், அல்லது இரண்டுக்கும் இடமுள்ள குற்றம். நல்லெண்ணத்தோடுதானே செய்தோம் என்பது அங்கே எடுபடாது. பிற்காலத்தில் பிள்ளை தன் வேரைத் தேடும்போது ஒரு காகிதமும் கிடைக்காமல் போவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

முறைப்படி தத்தெடுக்கப்பட்டவர்கள் தம் பிறப்பு வழியைத் தேட 2022-இன் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் இடம் தருகின்றன. 18 வயது நிறைந்தவர் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்த வயதினர் தத்தெடுத்த பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வழி கேட்கலாம். குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் தங்களை வெளிப்படுத்த விரும்பாவிட்டாலும், அவர்களைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், எந்தச் சூழ்நிலையில் குழந்தை ஒப்படைக்கப்பட்டது என்ற விவரம் சொல்லப்படும். மூன்றாம் நபர் தேடுவதற்கு அனுமதி கிடையாது.

பெற்றவளின் அந்தரங்கத்தைக் காக்கும் இந்த விதி, உறவுக்குள் வளர்ந்த பிள்ளைகளும் பின்பற்ற வேண்டிய ஒன்று. குழந்தையைக் கொடுத்த தாய் இன்று வேறொரு வீட்டில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவள் கணவருக்கோ பிள்ளைகளுக்கோ எதுவும் தெரியாமல் இருக்கலாம். உங்கள் கொடியில் அவள் பெயரை எழுத உங்களுக்கு உரிமை உண்டு. அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட உரிமை இல்லை. இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்: எல்லோரும் பார்க்க ஒன்று, உங்கள் பெட்டிக்குள் முழுமையான ஒன்று. முழுமையான பிரதி எங்கே இருக்கிறது என்று நம்பிக்கையான ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் பிள்ளைகளின் நிக்காஹ் நேரத்தில் அது உதவாது.

பெற்ற வழியின் நோய் விவரம் தெரிந்தால் அதையும் பெட்டிக்குள் இருக்கும் பிரதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, இதய நோய், தலசீமியா போன்ற இரத்த நோய்கள் பற்றி மருத்துவர் "வீட்டில் யாருக்காவது இருந்ததா?" என்று கேட்கும்போது வளர்த்தவர்களின் நோயைச் சொல்லிப் பயனில்லை.

சொத்து பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷரீஅத்தின்படி புள்ளிக்கோட்டு வழியில் வாரிசுப் பங்கு இல்லை. முழுக்கோட்டு வழியில் உண்டு. வளர்க்கக் கொடுத்துவிட்டோமே என்று பெற்றவர் வீட்டில் பங்கை மறுப்பது தவறு. வளர்த்தவர், தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுதலாம். அல்லது வாழும்போதே ஹிபாவாகக் கொடுத்து, சொத்தை அவர் வசமே ஒப்படைத்துவிடலாம். எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்து மௌத்தாகிவிட்டால், இத்தனை வருடம் மகனாக இருந்தவன் கப்ருக்கு மண் போட்டுவிட்டு வரும்போதே வாசலில் நிறுத்திப் பேசப்படுகிறான். உங்கள் வீட்டுக் கொடியில் ஒரு புள்ளிக்கோடு இருந்தால், அதே வாரத்தில் வஸிய்யத்தையும் எழுதி இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

மூன்று வகைக் கோடுகளுக்கும் விளக்கம் அச்சிட்ட பெரிய தாள்கள் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கின்றன. வேண்டுபவர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து பெற்றுக்கொள்ளலாம். யாருக்காக என்று கேட்க மாட்டோம். முதலில் பென்சிலால் எழுதுங்கள், மூத்தவர்களிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்